முப்பது பாட்டில்களும் ஒரு கிழிந்த வலையும்: சிம்பிடியத்தின் மேல் காமா கதிர், ஒரு நிகழ்வு ஆய்வு

2018 பிப்ரவரியில் ஒரு விடியற்காலை, முப்பது ஜாம் பாட்டில்களைத் தெர்மோகோல் பெட்டியில் அடுக்கிக்கொண்டு கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு போகும் முதல் பஸ்ஸில் ஏறினேன். ஒவ்வொரு பாட்டிலிலும் அகார் கூழின் மேல் இருபது பச்சை உருண்டைகள் இருந்தன. கடுகை விடப் பெரியவை, மிளகை விடச் சிறியவை. வேரும் இலையும் இன்னும் பிரியாத ஆர்க்கிட் குழந்தைகள். சமவெளியில் ஒரு வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கும் காமா சேம்பரில் கதிர் காட்டி, அன்றிரவே மலையேறிவிட வேண்டும் என்பது திட்டம்.

அதற்கப்புறம் ஏழு வருடத்தில் என்ன நடந்தது என்பதை இங்கே பதிவு செய்கிறேன். வில்பட்டி போகும் சாலையில் சின்னதாக ஒரு திசு வளர்ப்பு அறையும், நிழல்வலை போட்ட ஒரு கூடமும் வைத்திருக்கிறேன். சிம்பிடியம் என்ற ஆர்க்கிட்டின் பூத்தண்டுதான் பிழைப்பு. "கதிர் காட்டினால் புது நிறம் வருமாமே" என்று மேல்மலையிலிருந்தும் ஊட்டியிலிருந்தும் பூ வளர்ப்பவர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். வரும். வந்த மாற்றம் கதிரால்தான் வந்ததா என்று கண்டுபிடிப்பதில்தான் பெரும்பாடு இருக்கிறது. நான் பல முறை ஏமாறப் பார்த்தேன். பெரும்பாலும் என்னைக் காப்பாற்றியது கதிர் காட்டாத பாட்டில்கள்.

கதிரால் உயிர்களின் பரம்பரைக் குணத்தை மாற்றலாம் என்பது பழைய செய்தி. 1927-இல் ஹெர்மன் முல்லர் எக்ஸ் கதிரைப் பழ ஈக்கள் மேல் செலுத்திக் காட்டினார். அடுத்த வருடமே லூயிஸ் ஸ்டாட்லர் பார்லியிலும் மக்காச்சோளத்திலும் அதைக் காட்டினார். நம் நாட்டில் எல்லோரும் சொல்லும் உதாரணம் சர்பதி சோனோரா. மெக்சிகோவிலிருந்து வந்த சோனோரா 64 கோதுமையின் மணி சிவப்பாக இருந்ததால் சப்பாத்திக்கு மக்கள் விரும்பவில்லை. கும்பகோணத்தில் பிறந்த எம்.எஸ். சுவாமிநாதனும் அவரோடு இருந்தவர்களும் காமா கதிர் காட்டி, மணியைப் பொன்னிறமாக்கினார்கள். ஆர்க்கிட்டிலும் நடந்திருக்கிறது. மலேசியாவில் டென்ட்ரோபியம் சோனியாவுக்குக் காமா கதிர் காட்டி, புது ரகங்களை வெளியிட்டிருக்கிறார்கள். அதைப் படித்ததில்தான் எனக்கு ஆசை பிடித்தது.

முதல் வருடத்துத் தவறு

2017-இல் நான் செய்த முதல் முயற்சியை முழுவதுமாகத் தூக்கிப் போட வேண்டியதாயிற்று. அதை மறைக்காமல் சொல்கிறேன், ஏனென்றால் என்னிடம் கேட்பவர்களில் பெரும்பாலோர் அதே இடத்தில்தான் ஆரம்பிக்கப் பார்க்கிறார்கள்.

ஆர்க்கிட் விதை தூசி மாதிரி இருக்கும். ஒரு காயில் ஆயிரக்கணக்கில் கொட்டும். மற்ற விதைகளில் இருக்கும் சேமிப்பு உணவு இதில் கிடையாது. காட்டில் ஒரு பூஞ்சை உள்ளே புகுந்து ஊட்டினால்தான் முளைக்கும். சர்க்கரை கலந்த அகாரில் பூஞ்சை இல்லாமலே முளைக்க வைக்கலாம் என்று 1922-இல் லூயிஸ் நட்சன் காட்டிய பிறகுதான் உலகம் முழுக்க ஆர்க்கிட் வளர்ப்பு வீட்டுத் தொழில் ஆனது. அந்த வழியில்தான் நானும் ஒரு கலப்பின சிம்பிடியத்தின் விதையை முளைக்க வைத்து, கதிர் காட்டினேன்.

இலை வந்தபோது பார்த்தால், ஒன்று அகலம், ஒன்று குறுகல், ஒன்று கருஞ்சிவப்பு அடி. மனசு துள்ளியது. அப்புறம் கதிர் காட்டாத பாட்டில்களைத் திறந்தேன். அதிலும் அத்தனையும் இருந்தது. கலப்பினத்தின் விதை என்றால் அண்ணன் தம்பி போல ஒவ்வொன்றும் ஒரு சாயலில்தான் பிறக்கும். கதிர் ஒன்றும் செய்யாமலே அவை வேறு வேறுதான். ஆகவே ஒரே செடியிலிருந்து பிரிந்த உருண்டைகள் வேண்டும். 1960-இல் ஜார்ஜ் மோரல் சிம்பிடியத்தில் செய்து காட்டிய குருத்துத் திசு வளர்ப்பு இதற்காகவே அமைந்தது போல. தளிர்க் குருத்தின் நுனியை ஊசிமுனை அளவு வெட்டி வளர்த்தால் உருண்டை வரும். அதை நறுக்கினால் மேலும் உருண்டைகள். எல்லாம் ஒரே தாய். இளஞ்சிவப்பு இதழும், வெள்ளை உதட்டிதழில் (பூவின் கீழே நாக்கு போல் நீளும் இதழில்) அடர்சிவப்புப் புள்ளிகளும் கொண்ட ஒரு செடியைத் தாயாக எடுத்தேன்.

நம் மலையின் சோலைக்காட்டு ஆர்க்கிட்டில் செய்து பார்க்கலாமே என்று சிலர் கேட்டார்கள். மாட்டேன். சோலை மரத்தில் பாசியோடு ஒட்டி வெள்ளையாகப் பூக்கும் சீலோகைனி நெர்வோசா மாதிரியான செடிகள் இந்தத் தென்மேற்கு மலைகளை விட்டால் வேறெங்கும் கிடையாது. அதன் பரம்பரையைக் குலைத்துவிட்டு, பூச்சிகள் மகரந்தத்தைக் காட்டுக்குக் கொண்டுபோகும் தூரத்தில் வைத்துக்கொண்டிருக்க எனக்கு மனசு வராது. காட்டிலிருந்து ஒரு செடிகூட எடுக்காமல் செய்த வேலை இது.

சேம்பரில் சில நிமிடங்கள்

காமா சேம்பர் பார்க்க ஒரு பெரிய ஈயப் பீப்பாய். உள்ளே கோபால்ட்-60 குச்சிகள் வட்டமாக நிற்கும். பாட்டில்களை ஒரு டப்பாவில் வைத்தால், அது மேலிருந்து கீழே இறங்கி நடுவில் போய் நிற்கும். குறித்த நேரம் ஆனதும் ஏறி வரும்.

நான் கேட்டது 0, 10, 20, 40, 80 கிரே. ஒவ்வொன்றுக்கும் ஆறு பாட்டில். ஒரு கிரே என்றால் ஒரு கிலோ எடையில் ஒரு ஜூல் ஆற்றல் இறங்குகிறது என்று கணக்கு. மனித உடம்பு முழுவதும் சுமார் 4 கிரே பட்டு, சிகிச்சையும் இல்லாவிட்டால் பாதிப் பேர் பிழைக்க மாட்டார்கள். செடி அதைவிடத் தாங்கும். ஆனால் எவ்வளவு தாங்கும் என்பது செடிக்குச் செடி மாறும். அமெரிக்காவில் புரூக்ஹேவனில் 1961 முதல் ஒரு காட்டின் நடுவே சீசியம்-137 வைத்துப் பார்த்தபோது முதலில் செத்தது பைன் மரம். கோரைப் புல்லும் பாசியும் நின்றன. பைனின் செல் உட்கருவும் குரோமோசோமும் பெரியவை, அதனால் அடி படும் பரப்பும் பெரிது. அதனால் இன்னொருவர் சொன்ன அளவை அப்படியே எடுக்காமல் ஐந்து படிகளாக வைத்தேன்.

அங்கிருந்த தொழில்நுட்பர் ஒரு தாளில் கணக்குப் போட்டார். சான்றிதழில் எழுதியிருந்த கதிர் வீச்சளவு மூன்று வருடப் பழசு. கோபால்ட்-60 பாதியாகத் தேய 5.27 வருடம். மூன்று வருடத்தில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு போயிருக்கும். இதைக் கழிக்காமல் நேரம் வைத்தால் 20 என்று எழுதிய பாட்டிலில் 13 கிரே சொச்சம்தான் விழும். அன்றைய கணக்குப்படி மணிக்கு 2 கிலோகிரே (2,000 கிரே) வீதம் வந்தது. அப்படியானால் 10 கிரேக்கு 18 நொடி, 40 கிரேக்கு 72 நொடி. டப்பா இறங்கி ஏறும் நொடிகளிலும் கதிர் படும் என்பதால் அதையும் அவர் தனியாகக் கழித்தார். சின்ன அளவுகளில் அந்தச் சில நொடிகளே பெரிய பிசகாகிவிடும் என்றார்.

0 கிரே பாட்டில்களும் கீழே வந்தன. சேம்பருக்குப் பக்கத்து மேஜையில் அதே நேரம் உட்கார்ந்திருந்தன. வீட்டில் இன்னும் ஆறு பாட்டில் பயணமே போகாமல் இருந்தன. மலைச்சாலையின் குலுக்கலும் கீழே உள்ள வெயிலும் செடிக்கு என்ன செய்யும் என்று தெரிய அது ஒன்றுதான் வழி. பின்னால் எண்ணியபோது, 10 கிரேயில் கருகிய உருண்டைகளும், பயணம் போய்வந்த 0 கிரேயில் கருகியவையும் ஏறக்குறைய சமம். வீட்டிலிருந்த ஆறிலும் அதைவிடக் குறைவு. அதாவது 10 கிரே கணக்கில் நான் எழுதவிருந்த சாவு பஸ்ஸின் சாவு.

மறுநாளே எல்லா உருண்டைகளையும் புதுக் கூழுக்கு மாற்றினோம். சர்க்கரை உள்ள கூழில் கதிர் பட்டால் அதிலேயே வேண்டாத பொருள்கள் உண்டாகும். பழைய கூழில் விட்டுவிட்டால் செடி கதிரால் வாடுகிறதா, கூழால் வாடுகிறதா என்று பிரிக்க முடியாது.

அக்காவின் கேள்வி

மாற்றும்போது எனக்கு உதவிய அக்கா இடுக்கியைக் கையில் எடுத்துவிட்டு நின்றார்.

"தம்பி, இதத் தொட்டா ஒண்ணும் ஆயிராதுல்ல?"

"ஆகாதுக்கா. கதிர் உள்ள புகுந்து வெளிய போயிருச்சு. செடியில தங்காது."

"எங்க சின்ன மாமனாரு தெர்மாமீட்டர் கம்பெனில வேலை பாத்தவரு. அவுககிட்டயும் ஒண்ணும் ஆகாதுன்னுதான் சொன்னாக."

இதற்குப் பதில் சொல்லாமல் வேலையைத் தொடர முடியாது. கொடைக்கானலில் கண்ணுக்குத் தெரியாத விஷம் என்பது கதை கிடையாது. பாதரசம் மண்ணிலும் காட்டிலும் கலந்த ஊர் இது. 2001-இல் அந்தத் தெர்மாமீட்டர் ஆலை மூடிய பிறகும் பாதரசம் போகவில்லை. அதனால் அன்று வேலையை நிறுத்திவிட்டு உட்கார்ந்து பேசினோம். பாதரசம் ஒரு பொருள். சிந்தினால் கிடக்கும், மீனுக்குள் போகும், உடம்பில் சேரும். காமா கதிர் வெளிச்சத்தின் வகை. சுவரில் டார்ச் அடித்தால் சுவர் டார்ச் ஆகிவிடாது. கோபால்ட்-60 கதிரின் ஆற்றலுக்கு இன்னொரு அணுவைக் கதிர் வீசும் அணுவாக மாற்றும் வலு இல்லை. சேம்பரில் இருக்கும் குச்சிதான் ஆபத்து. அது ஈயத்துக்குள் பூட்டியிருக்கிறது. பாட்டில்கள் மேலே வந்ததும் அங்கே கதிரை அளக்கும் சர்வே மீட்டரை வைத்துப் பார்த்தார்கள். சும்மா இருந்த மேஜையில் காட்டியதைத்தான் பாட்டிலிலும் காட்டியது.

அக்கா கேட்டுக்கொண்டார். ஆனாலும் ஒரு மாதம் கையுறை போட்டுத்தான் செய்தார். நானும் கையுறை வாங்கி வைத்தேன். பயப்பட அவருக்குக் காரணம் இருந்தது.

பாட்டிலுக்குள்

முதல் மூன்று வாரம் எல்லாமே பச்சை. 80 கிரே பாட்டிலும் 0 கிரே பாட்டிலும் பக்கத்தில் வைத்தால் வித்தியாசம் தெரியவில்லை. கதிர் செல்லுக்குள் இருக்கும் தண்ணீரை உடைக்கும். அதில் பிறக்கும் துகள்கள் டி.என்.ஏ. இழையை அறுக்கும். இரண்டு இழையும் ஒரே இடத்தில் அறுந்தால் செல் பல நேரம் தப்பும் தவறுமாக ஒட்டிவிடும். ஆனால் அறுந்த குரோமோசோமோடு ஒரு செல் சும்மா இருக்கும்வரை உயிரோடுதான் இருக்கும். பிரிய முயலும்போதுதான் சாகும். அதனால் முதல் மாதத்துக் கணக்கை வைத்து யாராவது பேசினால் நான் கேட்பதில்லை.

ஐந்தாவது வாரத்தில் 80 கிரே உருண்டைகள் நடுவிலிருந்து பழுப்பாகின. ஓரம் பச்சை, நடு தேயிலைச் சாயம். இரண்டு மாதத்தில் அந்த வரிசையே முடிந்தது. 40 கிரேயில் பாதிக்கு மேல் போயின. மிஞ்சியவை அசையாமல் நின்றன. 20 கிரேயில் பெரும்பாலானவை பிழைத்தன, ஆனால் முதல் இலைகள் தடித்து, சுருங்கி, சிலவற்றில் நுனி பாம்பு நாக்கு போலப் பிளந்திருந்தது. இதை மாற்றம் என்று நினைத்துவிடக் கூடாது. மூன்றாவது இலைக்கு மேல் எல்லாம் ஒழுங்காக வந்தது. அடிபட்ட செல்கள் உதிர, நல்ல செல்கள் இடம் பிடித்துக்கொண்டன.

10 கிரேயில்தான் எனக்கு அடுத்த சபலம் வந்தது. சின்ன அளவுக் கதிர் வளர்ச்சியைத் தூண்டும் என்று படித்திருந்தேன். எண்ணிப் பார்த்தேன். 0 கிரேயை விட 10 கிரேயில் முளை அதிகம். இரண்டு முறை எண்ணினேன், இரண்டு முறையும் அதிகம். அண்ணன் மகள் விடுமுறைக்கு வந்திருந்தாள். "சித்தப்பா, எது எதுன்னு தெரிஞ்சுதான எண்றீங்க?" என்றாள். உறைத்தது. அளவு எழுதிய ஒட்டியை மறைத்து, பேரி, பிளம்ஸ், பட்டர் ஃப்ரூட் என்று அவளே பெயர் எழுதி ஒட்டினாள். எது என்ன என்று நோட்டில் குறித்து அதை அவளே வைத்துக்கொண்டாள். மறுபடி எண்ணினேன். முளை என்று சொல்லலாமா வேண்டாமா என்று தயங்கும் மேடுகள் ஒவ்வொரு பாட்டிலிலும் ஏழெட்டு இருக்கும். முன்பு 10 கிரேயில் அவற்றைச் சேர்த்திருக்கிறேன், 0 கிரேயில் விட்டிருக்கிறேன். எனக்கே தெரியாமல் செய்திருக்கிறேன். நோட்டைத் திறந்தபோது வித்தியாசம் காணாமல் போயிருந்தது. அன்று முதல் பெயர் மறைக்காமல் எண்ணுவதில்லை.

வெள்ளைக் கோடு

2018 முழுக்க மூன்று முறை நறுக்கி மாற்றினோம். இது அவசியம். உருண்டை ஒன்றில் ஆயிரக்கணக்கான செல்கள். கதிர் ஏதோ ஒன்றில்தான் மாற்றம் செய்திருக்கும். அந்த ஒன்றும் அதன் பிள்ளைகளும் ஒரு பக்கம், மாறாதவை மறுபக்கம் என்று செடி ஒட்டுத்துணி மாதிரி இருக்கும். நறுக்கி நறுக்கி வளர்த்தால்தான் இரண்டும் பிரியும்.

20 கிரேயில் இரண்டு செடிகளில் வெள்ளைக் கோடு வந்தது. ஒன்றின் இலையில் நடு நரம்புக்கு இடப்பக்கம் மட்டும், நூல் பிடித்தது போல் அடியிலிருந்து நுனிவரை. அதன் பச்சைப் பக்கத்திலிருந்து வந்த முளை முழுப் பச்சை. வெள்ளைப் பக்கத்து முளை பால் வெள்ளை. சர்க்கரை இருக்கும்வரை பாட்டிலில் வாழ்ந்தது, வெளியே எடுத்ததும் பத்து நாளில் போய்விட்டது. தானாக உணவு செய்யப் பச்சையம் இல்லை. கோட்டின் மேலேயே பிறந்த ஒரு முளை மட்டும் கோட்டோடு வளர்ந்தது.

கதிரின் பலன் என்று எழுதிவிட்டேன். ஒரு மாதம் கழித்து, 0 கிரேயில் ஒரு செடி அதே மாதிரிக் கோடு காட்டியது. திசு வளர்ப்பில் நறுக்கி நறுக்கிப் பெருக்கும்போது தானாகவே மாற்றம் வரும். எழுதியதை அடித்தேன்.

காட்டுமாடு

2019 ஜூலை மூடுபனியில் செடிகளை வெளியே எடுத்து, மரப்பட்டையும் கரியும் தேங்காய் மட்டைச் சில்லும் போட்ட தொட்டிகளில் வைத்தோம். அடுக்கியது 0, 10, 20, 40 என்று வரிசையாக. 40-இல் சில செடிகள்தான் மிச்சம் என்பதால் அவற்றை உள்ளறையில் வைத்தேன். ஆக மேற்கு ஓரம் 20 கிரேயுடையது.

2020 மார்ச்சில் ஒரு இரவு காட்டுமாடு ஒன்று மேற்குப் பக்கத்து வலையைக் கிழித்துவிட்டுப் போனது. தைக்கலாம் என்று இருக்கும்போதே ஊரடங்கு. வத்தலக்குண்டிலும் திண்டுக்கல்லிலும் கடை இல்லை. மே வரை கிழிசல் அப்படியே கிடந்தது. நான் கிழிசலை மறந்தே போனேன்.

ஏப்ரலில் 20 கிரே வரிசை மஞ்சளாக ஆரம்பித்தது. நோய் மஞ்சள் மாதிரி இல்லை, எலுமிச்சை நிறம், அழகாக இருந்தது. பச்சையம் குறைந்த மாற்றங்களில் மஞ்சள் வகை உண்டு, கதிர் வேலை செய்பவர்கள் அதற்குத் தனிப் பெயரே வைத்திருக்கிறார்கள். எனக்கு அதுதான் வந்துவிட்டது என்று இரண்டு வாரம் நம்பினேன்.

ஒரு மாலை, ஒரு இலையைக் கையில் பிடித்துத் திருப்பினேன். மஞ்சளின் நடுவே, சாய்வாக, விரல் அகலத்தில் ஒரு பச்சைப் பட்டை. ஓரம் கத்தியால் வெட்டியது போல் இருந்தது. மேலே இன்னொரு இலை குறுக்கே கிடந்தது. அதைத் தூக்கிப் பார்த்தால், அதன் நிழல்தான் கீழே பச்சையாக விழுந்திருந்தது. பரம்பரை மாற்றத்துக்கு நிழல் தெரியாது. திரும்பிக் கிழிசலைப் பார்த்தேன். நாலு மணி வெயில் நேராக உள்ளே வந்துகொண்டிருந்தது.

இங்கே வெயில் கீழ்நாட்டு வெயில் கிடையாது. காற்று குளிர்ந்திருப்பதால் உறைக்காது, ஆனால் ஆயிரம் மீட்டர் ஏறினால் புற ஊதாக் கதிர் பத்து சதவீதம் போலக் கூடும். 2,343 மீட்டர் உயரத்தில் 1901 முதல் சூரியனையே பார்த்துக்கொண்டிருக்கும் ஆய்வகம் இந்த ஊரில் இருக்கிறது. காற்று அவ்வளவு தெளிவு. நிழலில் வளர்ந்த இலையில் அந்த ஒளி நேராக விழுந்தால் பச்சையம் வெளுத்துப்போகும்.

உறுதி செய்ய, 0 கிரேயிலிருந்து ஐந்து செடிகளைக் கிழிசல் முன்னால் வைத்தேன். மூன்று வாரத்தில் அவையும் எலுமிச்சை நிறம். 20 கிரே செடிகளை நிழலுக்கு மாற்றினேன். அடுத்து வந்த இலைகள் பச்சை. கோபால்ட்டின் கதிரைத் தேடிப்போய்ச் சூரியனின் கதிரைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வலை தைத்த அன்றே எல்லாத் தொட்டிகளையும் கலைத்து, சீட்டுக் குலுக்கிப் போட்டு இடம் மாற்றினேன். வரிசை வைத்து அடுக்கியது என் தவறு.

பூ

சிம்பிடியம் அவசரப்படாது. 2023 பிப்ரவரியில்தான் முதல் பூ. 0 கிரேயும் 10 கிரேயும் தாயை அப்படியே உரித்து வைத்திருந்தன. 40 கிரேயில் பூத்த ஒன்றே ஒன்று சின்னதாக, இதழ் ஒட்டிப் பூத்தது. மறுவருடம் ஒழுங்காகவே பூத்தது. 20 கிரேயில் பத்தொன்பது செடிகள் பூத்தன. பதினெட்டு தாயைப் போலவே. ஒன்றில் மட்டும் உதட்டிதழில் புள்ளிகள் இல்லை. சுத்த வெள்ளை, தொண்டையில் மட்டும் லேசான மஞ்சள்.

அதைப் பார்த்துக்கொண்டு அன்று ரொம்ப நேரம் நின்றேன். யாருக்கும் சொல்லவில்லை. பூ நிறம் குளிரும் வெயிலும் பொறுத்து மாறும். ஒரு முறை பூத்ததை வைத்து எதுவும் சொல்ல முடியாது. பூ முடிந்ததும் செடியை மூன்றாகப் பிரித்து மூன்று மூலையில் வைத்தேன். தாய்ச்செடியையும் அதே போல் மூன்றாகப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன். பிரித்த அலுப்பில் 2024-இல் எதுவும் பூக்கவில்லை.

2025 பிப்ரவரியில் இரண்டு பூத்தன. முதல் துண்டில் மறுபடி சுத்த வெள்ளை உதடு, பதினொரு பூவிலும். பக்கத்தில் தாய்த் துண்டு வழக்கமான புள்ளிகளோடு. இரண்டாவது துண்டில் உதட்டிதழின் வலப்பாதி வெள்ளை, இடப்பாதியில் அடர்சிவப்புப் புள்ளிகள், நடுவில் மேடு போல் ஓடும் கோட்டில் வந்து புள்ளிகள் நின்றுவிடுகின்றன. ஒரே தண்டில் மேலே இருந்த பூக்களில் புள்ளி முழுவதும் இருந்தது. செடி இன்னும் ஒட்டுத்துணிதான். வெள்ளை உதடு பரம்பரையில் இறங்கிய மாற்றம் என்று இப்போது சொல்வேன். காமா கதிரால் வந்தது என்று சொல்ல, நறுக்கிப் பெருக்கியதிலேயே வந்திருக்கலாம் என்ற 0 கிரே வெள்ளைக் கோடு குறுக்கே நிற்கிறது. அந்த ஒரு செடியை வைத்து இரண்டையும் பிரிக்க வழியில்லை. அதனால்தான் அடுத்த சுற்றில் 20 கிரேயும் 0 கிரேயும் மட்டும், பாட்டில்கள் பல மடங்கு.

மூன்றாவது துண்டு பூத்தண்டு விட்டிருக்கிறது, இன்னும் விரியவில்லை. முதல் துண்டின் குருத்தைப் போன மாதம் வெட்டி எடுத்தோம், தாயின் குருத்தையும் அதே நாளில். அக்கா கையுறை இல்லாமல்தான் நறுக்கினார். உருண்டைகள் வந்திருக்கின்றன. ஒட்டியில் பெயர் எழுதியது அண்ணன் மகள். நோட்டு அவளிடம் இருக்கிறது.